எந்தப் பொருளை எறிந்தாலும்

இங்கே என்னோடு இருக்கிற பெண்கள் முதல் நாளே கேட்டது ஒரே கேள்விதான். "படிச்ச பொண்ணு, பாராளுமன்றத்துல வேலை பாத்தவ, நீ எப்படிடி உள்ள வந்தே?" வேலை பார்த்தவள் இல்லை, பயிற்சிக்குப் போனவள் என்று திருத்துவேன். அவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியாது. எனக்கு மட்டும் ஒரு காலத்தில் புரிந்ததா என்ன?

எங்கள் கிர்கிஸ் நாட்டில் சட்டத்தை எம்.பி.க்கள் எழுதுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்களா? உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், டீ குடிப்பார்கள், அடித்துக்கொள்வார்கள். எழுதுவது எங்களை மாதிரி பயிற்சிக்கு வந்த கழுதைகள். நான் போன இரண்டாவது நாளே கமிட்டி அறையில் ஒரு எம்.பி. இன்னொரு எம்.பி.யின் டையைப் பிடித்து இழுத்து, முகத்தை மேசையில் மோதினார். மூக்கு உடைந்து, மசோதாவின் நாலாம் பக்கம் முழுக்க ரத்தம். நான் ஃபைலைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். எங்கள் சட்ட ஆலோசகர் லிலியா மராதோவ்னா, தாத்தார்க்காரி, ஓய்வு பெறச் சில மாதமே இருந்தவள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எல்னுரா, 'கருத்துப் பரிமாற்றம் நடந்தது'ன்னு எழுதிக்கோ. நாலாம் பக்கத்த மட்டும் புதுசா பிரிண்ட் எடு."

எழுதிக்கொண்டேன். பிடித்தும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் இல்லை, அந்த இடம். சட்டத்தில் நான் வைத்த காற்புள்ளி நாடு முழுக்கச் செல்லும் என்ற நினைப்பு தலைக்கு ஏறிவிட்டது.

நான் உதவிக்குப் போனது எம்.பி. கென்ஜெபெக் சரிகுலோவிடம். எல்லோருக்கும் அவர் பைகே, அண்ணன். பெரிய தோள், சின்னக் காது, நன்றாகச் சிரிப்பார். பிப்ரவரியில் ஒரு நாள், ஏதோ மாவட்டத்தில் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனவர், புருவம் பிளந்து திரும்பி வந்தார். கல்லால் எறிந்திருக்கிறார்கள். ஏழு தையல். ஒரு கண் மூடியபடியே என்னைக் கூப்பிட்டார்.

"எல்னுரா, திங்கக்கிழமைக்குள்ள ஒரு சட்டம் வேணும். கூட்டத்துல கல்ல விட்டு எறியறவன் உள்ள போகணும். மூணுலேர்ந்து அஞ்சு வருஷம்."

"அடிக்கறதையும் சேக்கணுமா, பைகே?"

மற்றக் கண்ணால் என்னை முறைத்தார். "பைத்தியமா உனக்கு? கை நீட்டறத சேத்தா எங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு உள்ள இருப்பான். அதுக்குப் பழைய அபராதமே போதும். எறியறது மட்டும் எழுது."

எழுதினேன். கல், பாட்டில், செருப்பு, முட்டை, கட்டை என்று ஒரு பட்டியல் போட்டேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. நாளைக்கு எவனாவது முலாம்பழத்தை எறிந்தால்? பட்டியலை அடித்துவிட்டு 'எந்தப் பொருளையும்' என்று போட்டேன். யார் மேல் பட்டது, படவில்லை என்று வக்கீல்கள் இழுப்பார்கள் என்று 'பிறர் மீது' என்பதையும் அடித்தேன். கடைசியில் நின்றது இதுதான்: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எந்தப் பொருளை எறிந்தாலும், மூன்று முதல் ஐந்து ஆண்டு.

லிலியா மராதோவ்னா படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தப் பொருளும்னா எல்லாந்தான? பூவு எறிஞ்சா? ஒரு விதிவிலக்காவது போட்டு வைம்மா. எங்க ஜனங்களப் பத்தி எனக்குத் தெரியும், உங்க ஜனங்க கூட்டத்துல என்னென்ன எறிவாங்கன்னு நீதான் யோசிக்கணும்."

நான் யோசிக்கவில்லை. கிர்கிஸ்காரியாகப் பிறந்து வளர்ந்த நான் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. விளக்கக் குறிப்பில் இன்னும் அழுத்தமாக எழுதினேன்: 'பொருள் என்பது கையைவிட்டுப் பிரியும் எதுவும். நோக்கத்தை ஆராயத் தேவையில்லை. விதிவிலக்கு எதுவும் இல்லை.' சரிகுலோவ் என் தோளைத் தட்டினார். "மூளைடா இது!" அன்றைக்கு நான் வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தேன்.

வீட்டில் என் அம்மா இருந்தாள். அனார்குல். எனக்கு அபா, எங்கள் பேச்சில் அம்மா. ஆபீசில் என் அம்மா மாஸ்கோவில் துப்புரவு வேலை பார்க்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், சொல்லத்தானே போகிறேன். என் அம்மா அடிதடிக்காரி.

எங்கள் ஊரில் எல்லா அரசியல்வாதிக்கும் இப்படிப் பெண்கள் வேண்டும். கோர்ட் கதவை உடைக்க, நீதிபதி முடியைப் பிடிக்க, போலீஸ் வரிசைக்குள் புகுந்து பிறாண்ட. ஆண்கள் போனால் போலீஸ் தடியால் பிளந்துவிடும். ஐம்பது வயசுப் பெண்கள் மேல், அதிலும் வெள்ளைத் தலைத்துணி கட்டியவர்கள் மேல், எவனும் கை ஓங்கத் தயங்குவான். என் அம்மா ஒன்பது வருடம் அந்தப் படைக்குத் தலைவி. அவளும் அவள் தோழி தொக்தொகானும் சேர்ந்தால் ஒரு மாவட்ட ஆபீசை அரை மணியில் காலி செய்வார்கள். இரண்டு பல் போயிருக்கிறது. ஒரு விலா எலும்பு கோணலாக ஒட்டியிருக்கிறது. என்னைப் படிக்க வைத்தது அந்த விலா எலும்புதான், தெரியும். தெரிந்தும் வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை.

அன்றைக்கு நான் எழுதிய பிரிவை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அடியே, இது எனக்கே வெச்ச ஆப்பு மாதிரில்ல இருக்கு!"

"அதுக்குத்தான் அபா சொல்றேன். இனிமே போகாத. அஞ்சு வருஷம். விளையாட்டு இல்ல."

"போகலன்னா தொக்தொகான் என்னைக் கோழைன்னு சிரிப்பா."

"சிரிக்கட்டும். ரொட்டிய எடு, அதத் தொட்டுச் சத்தியம் பண்ணு."

விளையாடுகிறேன் என்று நினைத்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இந்தச் சட்டம் வந்த நாளிலேர்ந்து எவ மேலயும் எவன் மேலயும் நான் கை ஓங்க மாட்டேன். ஓங்கினா இந்த ரொட்டி என்னைக் கேக்கட்டும்." பிறகு ஒரு துண்டைப் பிய்த்து என் வாயில் திணித்தாள். "போதுமா, மந்திரியம்மா?"

ஏப்ரலில் சட்டம் வந்துவிட்டது. அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தொக்தொகான் வாசலில் வந்து நின்று திட்டிவிட்டுப் போனாள், அப்போதும் அம்மா கதவைத் திறக்கவில்லை. ஆனால் இரண்டு மாதம் ஆகியும் அந்தச் சட்டத்தில் ஒரு வழக்கு விழவில்லை. பத்திரிகைக்காரன் ஒருவன் 'சரிகுலோவின் பல்லில்லாச் சட்டம்' என்று எழுதிவிட்டான். பைகே அதைப் படித்து டெலிபோனை உடைத்தார்.

ஜூனில் கோக்-ஜர் கிராமத்தில் கூட்டம். மேலே மலையில் தங்கம் கழுவுகிற கம்பெனி ஒன்று, கழிவுக் குளம் வெட்ட அனுமதி கேட்டது. கீழே கிராமம் குடிப்பது அந்த ஓடையைத்தான். கோக்-ஜர் என் அம்மா பிறந்த ஊர். அதை நான் ஆபீசில் சொல்லவில்லை.

காரில் போகும்போது பைகே சொன்னார்: "இந்த ஒரு கூட்டத்த நல்லபடியா முடிச்சுக் கொடு. லிலியா நாற்காலி அடுத்த மாசம் காலி. உனக்குத்தான்."

என் வேலை வருகைப் பதிவேடு. வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் பேரும் கையெழுத்தும் வாங்க வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு மேல் அட்டை மாறும். 'வந்தவர்கள்' என்பது 'ஒப்புக்கொண்டவர்கள்' என்று ஆகிவிடும். எனக்குத் தெரியுமா? தெரியும். இரண்டு தடவை என் கையாலேயே அட்டையை மாற்றியிருக்கிறேன். அதையும் மறைக்கவில்லை, போதுமா?

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் முந்நூறு பேர். சுவரோரம் கம்பெனிக் காவலாளிகள் இருபது பேர், எல்லோரும் கழுத்தே இல்லாத மாதிரி. தொக்தொகான் தன் பெண்களோடு வந்திருந்தாள். இந்தத் தடவை கிராமத்தார் கூப்பிட்டு. அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போது பார்த்தவள். அவளுக்குப் பின்னால் என் அம்மா வந்தாள். தனியாக. வெள்ளைத் தலைத்துணி, நல்ல வெல்வெட் கோட்டு. மேசை முன்னால் நின்று, யாரோ ஒரு ஆபீஸ்காரியிடம் பேசுகிற மாதிரி, "எங்க கையெழுத்துப் போடணும், மகளே?" என்றாள். விரலால் இடத்தைக் காட்டினேன். போட்டாள். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் பேச்சு. அப்புறம் தொக்தொகான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் என் மேசைப் பக்கம் வந்தாள். பதிவேட்டுக்கு அடியில் இருந்த புது அட்டையை, எங்கள் டிரைவர் அவசரத்தில் வெளியே நீட்டி வைத்திருந்தான். இழுத்துப் பார்த்தாள். வாய்விட்டுப் படித்தாள்.

"'கழிவுக் குளத்துக்கு ஒப்புக்கொண்டவர்கள்.' ஏய்! நாம போட்ட கையெழுத்தயெல்லாம் இவ விக்கறாடி!"

அவ்வளவுதான், வெடித்தது. காவலாளிகள் பெஞ்சுகளைத் தாண்டி வந்தார்கள். கிராமத்து ஆட்கள் பெஞ்சையே தூக்கினார்கள். ஒருவனுடைய தாடை நொறுங்குகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. ஒரு கிழவரின் கல்பாக் தொப்பி தரையில் உருண்டது, பின்னாலேயே அவரும் விழுந்தார், அவர் கைமேல் ஒரு பூட்ஸ் ஏறி இறங்கியது. பெண்கள் என் மேல் பாய்ந்தார்கள். பதிவேட்டைக் கொடுத்திருந்தால் விட்டிருப்பார்கள். கொடுக்கவில்லை. நெஞ்சோடு கட்டிக்கொண்டு கீழே சுருண்டேன். முட்டாள், முட்டாள்! அந்த நேரத்திலும் எனக்கு லிலியாவின் நாற்காலிதான் கண்ணில் நின்றது. முடியைக் கொத்தாகப் பிடித்து யாரோ தலையைத் தரையில் இடித்தார்கள். வயிற்றில் உதைத்தார்கள். விரல்களைப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள், சுண்டுவிரல் பின்பக்கம் மடங்கியது. அதை உடைத்தவள் தொக்தொகான். என் முகத்துக்கு நேரே குனிந்து மூச்சிரைத்தாள். "விடுடி! விடுறியா, கைய முறிக்கவா?"

வாயில் ரத்தம் நிறைந்து மூச்சு முட்டியது. கால்களுக்கு நடுவில் கடைசி வரிசை தெரிந்தது. அம்மா எழுந்து நின்றிருந்தாள். ஒன்பது வருடம் ஆண்களையே புரட்டிப் போட்ட கைகள். இரண்டும் முன்னால் பாதி தூரம் வந்து, அப்படியே நின்றன. ரொட்டி தடுத்தது. நான் செய்ய வைத்த சத்தியம் அவளைத் தடுத்தது.

அப்போது அவள் கை மேலே போனது, தலைக்கு. வெள்ளைத் துணியை அவிழ்த்தாள். நரைத்த முடி எல்லோர் முன்னாலும் விழுந்தது. துணியைச் சுருட்டி, அந்தக் கூட்டத்தின் நடுவில், தன் முழு பலத்தோடு எறிந்தாள்.

தாய் ஒருத்தி தன் தலைத்துணியைச் சண்டைக்கு நடுவில் எறிந்தால், அதைத் தாண்டி எங்களில் எவனும் கால் வைக்கமாட்டான். குடிகாரன்கூட வைக்கமாட்டான். துணி காற்றில் விரிந்து மெதுவாக விழுந்தது. உயர்த்திய பெஞ்சு உயர்த்தியபடி நின்றது. காவலாளி ஒருவன் ஓங்கிய தடியைக் கீழே இறக்கி, தலையைக் குனிந்துகொண்டான். என் முடியைப் பிடித்திருந்த கை விட்டது. தொக்தொகான் துணியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஐயோ, அனார்... இது உன் பொண்ணா?" என்று உதட்டுக்குள்ளேயே கேட்டாள். முந்நூறு பேர் இருந்த இடத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

அந்த அமைதியில் சரிகுலோவின் குரல் கேட்டது. டிரைவர் கையிலிருந்த செல்போனை எட்டிப் பார்த்தபடி, "எறிஞ்சது பதிவாச்சா?" என்றார்.

எல்லாம் பதிவாகியிருந்தது. அடித்தவர்கள் முகம் ஒன்றுகூடத் தெளிவில்லை, எல்லாம் முதுகும் காலும். தெளிவாக இருந்தது ஒருத்திதான். நின்று, நிதானமாக, ஒரு பொருளை எறிகிறவள்.

போலீஸ் உள்ளே வந்தபோது ஓடத் தெரிந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அம்மா ஓடவில்லை. அவள் கையைப் பின்னால் முறுக்கினார்கள். போலீஸ்காரன் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ண உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பக்கத்திலேயே பைகே நின்றார்.

"யாரு பெத்த பொண்ணோ. எனக்குத் தெரியாது," என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. வாய் நிறைய ரத்தம் இருந்தது என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். துப்பியிருக்கலாம். என் அம்மாவை வெறுந்தலையோடு இழுத்துக்கொண்டு போனார்கள், நான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். த்தூ, என்ன ஜென்மம் நான்!

மூன்று வாரத்தில் விசாரணை. டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். முதல் வழக்கல்லவா. தலைத்துணி ஒரு பிளாஸ்டிக் பையில், எண் ஒட்டி, மேசை மேல் இருந்தது. அம்மா கூண்டுக்குள் வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் மடியில். இந்தத் தடவை எழுந்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாக எழுந்தேன்.

"அவங்க எங்க அம்மா. என்னைக் காப்பாத்தத்தான் எறிஞ்சாங்க. சண்டைய நிறுத்தத்தான் எறிஞ்சாங்க. நிறுத்தவும் செஞ்சாங்க. நீங்களும் கிர்கிஸ்காரர்தான, அய்யா? உங்க அம்மா எறிஞ்சா நீங்க தாண்டுவீங்களா?"

நீதிபதி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அம்மா கூண்டிலிருந்து, "உக்காருடி!" என்று உறுமினாள். அரசு வக்கீல் மட்டும் அவசரப்படவில்லை. ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

"'பொருள் என்பது கையைவிட்டுப் பிரியும் எதுவும். நோக்கத்தை ஆராயத் தேவையில்லை. விதிவிலக்கு எதுவும் இல்லை.' சட்டத்தோட விளக்கக் குறிப்பு. இத எழுதினது யாரு?"

எழுதியவள் நின்றுகொண்டுதான் இருந்தேன். "நான்," என்றேன்.

"அப்ப சொல்லுங்க. துணி கைய விட்டுப் பிரிஞ்சுதா?"

மூன்று வருடம் போட்டார்கள்.

வெளியே நடைபாதையில் சரிகுலோவ் காத்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் சாட்சிகளுக்கென்று வைத்த கண்ணாடிக் கூஜா, பாதித் தண்ணீரோடு. அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"ஏம்மா, முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்திருப்பமே. சரி விடு. ஒரு வருஷத்துல மன்னிப்பு வாங்கிக் குடுத்துடலாம். நாற்காலி உனக்குத்தான், வாக்குன்னா வாக்கு. அந்தப் பிரிவு எவ்வளவு ஜோரா நின்னுச்சு பாத்தியா? மூளைடா இது!"

என் தோளைத் தட்டக் கை தூக்கினார்.

ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் பண்ணியது என் அம்மா. நான் பண்ணவில்லை. கூஜாவை எடுத்தேன். எறியவில்லை, அதை மட்டும் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டே அடித்தேன். முதல் அடியில் உதடு பிளந்தது. இரண்டாவதில் முன்பல் நாலும் போனது, கூஜாவும் உடைந்தது. கையில் மிஞ்சிய கைப்பிடியோடு மூன்றாவது அடி அடித்தேன். அந்தப் பழைய ஏழு தையல் இருந்த புருவம் மறுபடி திறந்தது. அவர் முட்டி போட்டு, "புடிங்கடா, புடிங்கடா," என்று குழறினார். என் உள்ளங்கையில் கண்ணாடி ஏறியிருந்தது, எனக்கு வலிக்கவே இல்லை. டிவிக்காரன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். எம்.பி.யின் பல் போனால் அபராதத்தோடு விடமாட்டார்கள், எனக்கு இரண்டு வருடம்.

பெண்கள் சிறை எங்கள் நாட்டில் ஒன்றுதான். என்னைக் கொண்டுவந்த அன்று காலை, தையல் கூடத்திலிருந்து பெண்களை வரிசையாக முற்றத்துக்கு அழைத்து வந்தார்கள். அம்மா நாலாவதாக வந்தாள். சிறைக்காரர்கள் கொடுத்த சாம்பல் நிறத் துணியைத் தலையில் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். வரிசையை விட்டு என்னை நோக்கி நடந்து வந்தாள். அணைக்கத்தான் வருகிறாள் என்று நானும் கையை நீட்டினேன்.

"நான் எதுக்குடி உள்ள வந்தேன்?" என்றாள். "நீ வெளிய இருக்கணும்னுதான! சொல்லு, வேற எதுக்குடி வந்தேன்?"

ஓங்கி விட்டாள் ஒன்று, கன்னத்தில். சுருண்டு போய் விழுந்தேன். என் இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. தன் கையையே வெறித்துப் பார்த்தாள், ரொட்டி பிடித்த கையை. அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து, என் தலையை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள்.

காவலர்கள் ஓடிவந்தார்கள். வார்டன், "கைதிய அடிச்சா கேஸ் போடுவேன்!" என்று கத்தினாள். நான் மடியில் படுத்தபடியே அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"எதையும் எறியலையே, வார்டனக்கா. கையாலதான அடிச்சாங்க. அதுக்கு அபராதம் மட்டுந்தான். நான் எழுதின சட்டம், எனக்குத் தெரியும்."